டிவியை எறிந்தது நான்தான்

மதிப்பிற்குரிய இசை இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

கடவுள் அருளால் தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். சம்பவத்தின்போது வீட்டில் இருந்தவர்கள்: நான், தாங்கள் ‘சூறாவளி’ என்று எழுதும் ராக் பாடகனான என் தம்பி, அவன் குழுவில் டிரம்ஸ் அடிக்கும் மொட்டை, ஆக மூவர். தங்கள் நிருபர் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றதால் அவரைச் சேர்க்கவில்லை.

‘போதையில் கண் சிவந்த சூறாவளி, இடுப்பில் வெறும் துண்டோடு, கையில் கத்தியோடு, தலையணைகளைக் கிழித்துவிட்டு டிவியை ஜன்னல் வழியே வீசினார்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறீர்கள். துண்டு உண்மை. அவனுடைய ஒரே தோல் பேன்ட்டை நான் துவைத்துக் காயப்போட்டிருந்தேன், தோலைத் துவைக்கக் கூடாதாம், எனக்கு யார் சொன்னார்கள், கண் சிவந்தது ஒன்றரைக் கிலோ வெங்காயம் நறுக்கியதால், கத்தியும் அதற்குத்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையணைகளைப் பிரித்துப் பஞ்சைக் காயவைப்பவள் நான், அன்று காற்று கொஞ்சம் அதிகம், அந்த நேரம் பார்த்து டிவிக்குப் பின்னால் புகை கிளம்பியது. ஊரையே அலறவைக்கிற என் தம்பி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அக்கா, தொடாதே, ஷாக் அடிக்கும்!” என்கிறான். மேடையில் நெருப்புக்கு நடுவே குதிக்கிற மொட்டை மேஜைக்கு அடியிலிருந்து, “அக்கா, சாமிய வேண்டிக்கங்க!” என்கிறான். “அதெல்லாம் காலையிலேயே ஆச்சு, நகருடா” என்று பிளக்கைப் பிடுங்கி, டிவியைத் தூக்கி வெளியே எறிந்தது நான். கடவுள் சாட்சி, கீழே நசுங்கிய ரோஜாத் தொட்டியும் சாட்சி. “எதுக்கு சார் இப்படியெல்லாம்?” என்று நிருபர் கேட்டதற்கு என் தம்பி, “அக்கா சொன்ன வேலைய செய்யணும்ல, இன்னும் அரைக் கிலோ பாக்கி இருக்கு” என்று வெங்காயத்தைத்தான் சொன்னான். அதைத் தாங்கள் போடவே இல்லை.

இப்போது அவனுக்குப் பேசிவைத்த பெண்ணின் தகப்பனார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தங்கள் இதழோடு வந்து நிற்கிறார். “டிவிய எறியறவன் நாளைக்கு என் பொண்ண எறிய மாட்டான்னு என்னம்மா நிச்சயம்?” என்றார். “டிவிய விட பொண்ணு கனம் சார்” என்று மொட்டை ஆறுதல் சொல்லப்போக, காரியம் இன்னும் கெட்டது. அடுத்த இதழில் திருத்தம் வராவிட்டால் கல்யாணம் கிடையாதாம். தம்பிக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது, ஐந்து இடம் ஏற்கெனவே தட்டிப்போனது. ஆகவே எறிந்தது நான்தான் என்று அட்டையிலேயே போடவும்.

தங்கள் இதழ் செழிக்கவும், தங்கள் நிருபருக்குக் கண் தெளியவும் பிரார்த்திக்கும்,
சூறாவளியின் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகையில் அந்தப் பெண்ணே போன் செய்தாள். “அண்ணி, அப்பாவ நான் பாத்துக்கறேன். டிவிய எறிஞ்சது உங்க தம்பிதானே? நேர்ல பாத்தப்ப ரொம்ப சாதுவா இருந்தார், வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன். அதப் படிச்சப்புறம்தான் பிடிச்சுது” என்றாள். எனக்குப் பொய் வராது. “வியாழக்கிழமைக்கு மேல சொல்றேம்மா” என்று வைத்துவிட்டேன். எனவே மேலே எழுதிய எதையும் போட வேண்டாம். கையோடு ரிப்பேர் கடைக்குப் போய், இனித் தேறாத டிவி ஒன்று வாங்கி வந்துவிட்டேன். வியாழன் காலை பதினொரு மணிக்கு என் தம்பி அதை எறிவான். பிளக்கில் சொருகாத டிவி ஷாக் அடிக்காது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கள் செய்தி அப்படியே உண்மையாகிவிடும், தேதியை மட்டும் திருத்தினால் போதும். நிருபர் வருவாரா என்று சீக்கிரம் பதில் எழுதவும்.