பிரின்ஸ்பால் முடித்த ஒரே டிரைவர் மாற்றம்

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை எங்கள் பிரின்ஸ்பால் அளவுக்கு நேசித்தவரும் கிடையாது, அவர் அளவுக்கு அதைப் பார்க்காமல் இருந்தவரும் கிடையாது. யார் ஜெயித்தார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வருஷம் எந்த டிரைவர் எந்த டீமுக்குத் தாவுகிறார், எந்த டீமுக்குள் யார் காலை யார் வாருகிறார், அதுதான் அவருக்கு உயிர். டிவியில் வண்டிகள் ஓட ஆரம்பித்ததும், ஏதோ விளம்பரம் போட்டுவிட்டார்கள் என்பதுபோல எழுந்து தலையணை உறை எண்ணப் போய்விடுவார்.

அவர் பள்ளிக்கூட பிரின்ஸ்பால் இல்லை. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் நான் ரிசப்ஷனில் வேலை பார்த்த லாட்ஜின் மேனேஜர். பந்தய அணியின் தலைவரை ‘டீம் பிரின்ஸ்பால்’ என்பார்கள். எங்கள் லாட்ஜில் இரண்டு ஜீப்பும் இரண்டு டிரைவரும் இருந்ததால் தானும் டீம் பிரின்ஸ்பால்தான் என்று அவரே அறிவித்துக்கொண்டார். ஊர் அதில் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடங்கள் நிறைந்த மலை ஆயிற்றே! கோடையில் பெற்றோர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருமுறை ஓர் அப்பா மகனை முன்னால் தள்ளி, “சார், இவனுக்கு ஏழாங்கிளாஸ்ல ஒரு சீட்டு…” என்று கும்பிட்டார். பந்தய டீமில் டிரைவரின் இடத்துக்கும் சீட்டு என்றுதான் பெயர்; அந்தச் சொல்லைக் கேட்டதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்ப எந்த டீம்ல இருக்காப்ல? காண்ட்ராக்ட் எப்ப முடியுது?”

டிஃபன் எழுதும் கரும்பலகையும் அவருக்குச் செய்தித்தாள்தான். ‘இட்லி, பொங்கல், பூரி’ என்று எழுதி அதற்குக் கீழே, ‘நம்பகமான தகவல்: ஆரஞ்சு சிவப்புக்குப் போகிறது’ என்று எழுதுவார். டீம்களை வண்டியின் நிறத்தை வைத்துத்தான் சொல்லுவார். சென்னை அம்மா ஒருவர் கடைசி வரியைக் காட்டி, “அதுல ஒரு பிளேட்” என்று ஆர்டர் கொடுத்தார். அவர் எழுதிய ஒரு மாற்றம்கூட நடந்ததில்லை என்பது வேறு விஷயம். அதற்காக அவர் அசந்ததும் இல்லை. “நான் சொன்னது சரிதானுங்க. அவனுங்கதான் கடைசி நேரத்துல மாத்திப்புட்டானுங்க.”

‘தோட்ட லீவு’ என்றும் ஒன்றை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு டீமின் பெரிய தலைகள் எதிர் டீமுக்குப் போனால், ரகசியம் சூடாகப் போய்ச் சேரக்கூடாது என்று கொஞ்ச காலம் வேலை தராமல் வீட்டில் உட்கார வைப்பார்களாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். “வருசம் பூரா தோட்டத்துலயேதான் கெடக்கேன். எனக்கு எவன் லீவு குடுத்தான்?”

இத்தனைக்கும் மனிதருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கினால் கொண்டை ஊசி வளைவு தொடங்கும் முன்பே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்.

எங்கள் நம்பர் ஒன் டிரைவர் மாரமங்கலத்து மாணிக்கம் அண்ணன். பனி மூடி முன்னால் வண்டி போகிறதா, மாடு போகிறதா என்று தெரியாத நாளிலும் குழந்தை தூக்கம் கலையாமல் ஓட்டக்கூடியவர். நம்பர் டூ, முதலாளியின் மச்சான் தினேஷ். முதலாளி சேலத்தில் இருந்தார். புது ஜீப் மச்சானுக்கு, பழைய ஜீப் மாணிக்கத்துக்கு என்று போனிலேயே உத்தரவு போட்டிருந்தார்.

“அங்கயும் இப்படித்தானுங்க. அப்பன் டீமை வாங்குனா மகன் வண்டியில ஏறிக்குவான்” என்று பிரின்ஸ்பால் பெருமூச்சு விடுவார். ஆனாலும் மாணிக்கத்துக்கு போன் போட்டு, “பின்னால தினேசு வர்றாப்ல, வழி உடுங்க. டீம் ஆர்டர்!” என்பார்.

“ஏனுங்க, எனக்கு முன்னால காட்டெருமை நிக்குதுங்க. மொதல்ல அதுக்கு ஆர்டர் போடுங்க.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அவர் உயிரான சிவப்பு டீம், ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த தன் டிரைவரை எடுத்துவிட்டுப் பெரிய பெயர் ஒன்றைக் கொண்டுவருகிறது. அதையும் அந்த டிரைவருக்கு போனில் சொல்லியிருக்கிறார்கள். அன்று கரும்பலகையில் இட்லிகூட ஏறவில்லை.

“போன்ல சொல்லியிருக்கானுங்க, கண்ணு. இத்தனை வருசம் உசுரைக் குடுத்து ஓட்டுனவன். எதுத்தாப்ல உக்கார வெச்சு, ஒரு காப்பியக் குடுத்துச் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவானுங்க?”

மலர்க் கண்காட்சி நெருங்கியது. அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. அந்த வாரத்தில் முதலாளி கூப்பிட்டார். நான்தான் போனை எடுத்துக் கொடுத்தேன். முதலாளிக்குக் குரல் பெரிது. எனக்கே எல்லாம் கேட்டது. “சீசனுக்கு மச்சானே போதும். டூரிஸ்ட்டுங்க புது ஜீப்பத்தான் கேக்கறாங்க. பழசை வித்துடலாம். மாணிக்கத்தை நிறுத்திரு. நேர்ல எதுக்கு, போன்ல சொல்லிரு.”

பிரின்ஸ்பால் ரிசீவரை வைத்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் அவர் கண்ணில் ஏறியது வேறு ஒரு வெளிச்சம். சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார்.

“கண்ணு, கெளம்பு.”

“எங்கீங்க?”

“பேச்சுவார்த்தைக்கு!”

மேட்டில் இருந்த இன்னொரு லாட்ஜுக்கு அப்படி ஒரு வேகத்தில் ஏறினார். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். அந்த லாட்ஜின் சொந்தக்காரம்மா முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

“சீட்டு காலியா இருக்குதுங்களா?”

“ரூமுங்களா? ஒண்ணும் இல்லீங்களே.”

“ரூம் இல்லீங்கம்மா. டிரைவர் சீட்டு!”

அந்த அம்மாவின் டிரைவர் போன வாரம்தான் வேலையை விட்டிருந்தார். அம்மா மிளகை விட்டுவிட்டு எழுந்து வந்தார். அப்புறம் நடந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதியிருக்க வேண்டும். பிரின்ஸ்பால் நிபந்தனைகளை அடுக்கினார்: நல்ல ஜீப்பு மாணிக்கத்துக்குத்தான். அவர் முன்னால் போனால் யாருக்கும் வழி விடச் சொல்லக்கூடாது. மாரமங்கலத்தில் திருவிழா என்றால் லீவு. எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினார். பிரின்ஸ்பால் குரலைத் தாழ்த்தினார்.

“கடைசியா ஒண்ணுங்க. உங்களுக்கு மச்சான் முறைல யாராச்சும்…?”

“நான் ஒத்தப் புள்ளைங்க. அவரு ஊட்டுப் பக்கமும் யாரும் இல்லீங்க.”

“நொம்ப நல்ல டீமுங்க!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மா விடவில்லை. “டிரைவரு கெடைச்சாச்சு. லாட்ஜைப் பாத்துக்க ஆளு வேணுமே. நீங்களும் வர்றதா இருந்தா வாங்க.”

எத்தனையோ பேரை எங்கெங்கோ அனுப்பியவர், தன்னை ஒருவர் கூப்பிடுவார் என்று கனவிலும் நினைத்திருக்கவில்லை. “என்னையுங்களா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லாமலே மேட்டிலிருந்து இறங்கினோம்.

சாயங்காலம் மாணிக்கம் அண்ணனை எதிரில் உட்கார வைத்து, தன் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தார். முதலாளி சொன்னது, மேட்டு லாட்ஜில் பேசியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். மாணிக்கம் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தினேசு போன வாரமே சொல்லிட்டாப்லங்க. நீங்களும் போன்லதான் சொல்லுவீங்களோன்னு, அடிக்கறப்பல்லாம் எடுக்கவே பயமா இருந்துச்சுங்க.”

பிரின்ஸ்பால் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.

“நீங்க வந்தா நானும் வர்றேனுங்க” என்றார் மாணிக்கம். “ஆனா அந்த டீம் ஆர்டர் மட்டும் வேண்டாமுங்க.”

தானும் மாணிக்கமும் விலகுவதை மறுநாளே முதலாளிக்கு நேரில் சொல்ல எலுமிச்சம்பழத்தோடு சேலத்துக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்தவர் மேட்டு லாட்ஜில் வேலையில் சேருவார் என்று பார்த்தால், வீட்டு வாசலில் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தோட்ட லீவாம்! கண்காட்சிக் கூட்டம் மலையேறிக்கொண்டிருந்தது. மேட்டு லாட்ஜ் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார். “முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே” என்றே பதில் போனது. கடைசியில் அம்மாவே மாணிக்கம் ஓட்டும் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஏனுங்க, எங்க லாட்ஜுலயும் தோட்டம் இருக்குதுங்க. அந்த லீவை அங்க வந்து எடுங்க.”

சட்டத்தில் அதற்குத் தடை இல்லை என்று யோசித்து முடிவு செய்து ஜீப்பில் ஏறினார்.

அவர் இல்லாத எங்கள் லாட்ஜில் கரும்பலகையில் இட்லி, பொங்கல், பூரி மட்டும் இருந்தது. யாரும் எதற்கும் பரபரப்பாக ஓடவில்லை. வேலை சுலபமாகத்தான் இருந்தது; பொழுதுதான் நகரவில்லை.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை பிரின்ஸ்பால் என் ரிசப்ஷன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அங்க ரிசப்ஷனுக்கு நாலஞ்சு பேரைச் சொன்னாங்க, கண்ணு. நான் உன்னைத்தான் வேணுமுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வர்றியா?”

என்னைத்தான் வேண்டும் என்று அதுவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. சம்பளம் என்ன என்று விசாரிக்கவும் தோன்றாமல் பையை எடுத்துக்கொண்டேன்.