தெருக்குத்து வீட்டுக்கு வந்த ஒரு வண்டி விறகு

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு வண்டி விறகை இறக்கணும்.

பீர்க்கன்கரணையில புது வீடு. கிரகப்பிரவேசம் சைவமா முடிஞ்சாச்சு. ஆபீஸ்காரங்க, சொந்தக்காரங்க எல்லாருக்கும் தனியா ஒரு மட்டன் பிரியாணி விருந்து. மாஸ்டர் விறகு அடுப்புலதான் தம் போடுவேன்னுட்டார்.

இந்த இடத்துல என் மாமனாரைப் பத்திச் சொல்லணும். எங்க வீடு தெருக்குத்து. அதாவது தெரு நேரா வந்து எங்க கேட்டுல முடியும். அந்த மாதிரி வீட்டுக்குத் தெரு வழியா கெடுதல் நேரா வந்து மோதும்னு அவர் நம்பிக்கை. வித்துடுங்க மாப்ளன்னு வாரா வாரம் போன். கடைசியில, இந்த விருந்து ஒரு குறையும் இல்லாம நடந்துட்டா இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு மக கிட்ட வாக்குக் குடுத்திருந்தார்.

என் மனைவி கவிதா காலையில எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "இன்னிக்கு ஒரு நாள் நீங்க புதுசா எதுவும் பண்ணாம இருங்க."

நான் ஏற்கனவே பண்ணி வச்சிருந்தேன்.

போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். வண்டியில டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பலகையை நிறுத்தி வைக்கணும். அதுக்குப் பின்னாடி விறகை அடுக்கணும். பலகையோட ரெண்டு முனையிலயும் கயிறு கட்டி, அந்தக் கயிறை வண்டிக்குப் பின்னாடி, வெளியில ஒரு கெட்டியான இடத்துல கட்டிடணும். வண்டியை எடுத்தா பலகை அங்கேயே நிக்கும், வண்டி மட்டும் போகும், விறகு மொத்தமா கீழே. கை வைக்கவே வேண்டாம்.

பலகைக்கு எங்க போறது? மொட்டை மாடியில பழைய கட்டிலோட தலைமாட்டுப் பலகை கிடந்துச்சு. நல்ல தேக்கு. ரெண்டு கிளி செதுக்கியிருக்கும். கல்யாணத்துக்கு மாமனார் சீரா குடுத்த கட்டில் அது. வீடு மாத்தும்போது கால் உடைஞ்சு போச்சு. அவருக்கு அது தெரியாது.

முந்தின நாளே விறகுக் கடையில பலகையைக் குடுத்து, இப்படித்தான் அடுக்கணும்னு பாடம் எடுத்துட்டு வந்தேன். அவங்களும் பொறுமையா கேட்டுக்கிட்டாங்க.

குட்டி யானை வண்டி சவுக்கு விறகோட வந்துச்சு. டிரைவர் இறங்கி லுங்கியை மடிச்சுக் கட்டினார்.

"நானே இறக்கிட்டுப் போறேன் சார். இன்னா பெரிய லோடு இது."

நீங்க ஒரு துரும்பையும் தொட வேண்டாம், கேட்டுக்கு நேரா ரிவர்ஸ் எடுத்தாப் போதும்னுட்டேன். எடுத்தார். கேட்டோட ரெண்டு பக்கத் தூண்லயும் கயிறைக் கட்டினேன். விறகு உருண்டு உள்ள நிக்கிற காரைப் பதம் பார்த்துடக் கூடாதுன்னு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். எவ்வளவு முன்யோசனை பாருங்க.

"வண்டியை எடுங்கண்ணா. நான் பார்த்துக்கறேன், திரும்பியே பார்க்காதீங்க."

எடுத்தார். வீடியோவுல வந்த மாதிரியே நடந்துச்சு. பலகை நின்னுச்சு, வண்டி போச்சு, மொத்த விறகும் தடதடன்னு கேட்டு வாசல்ல இறங்குச்சு. ஒரு கட்டை கூட வண்டியில மிச்சம் இல்ல. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

டிரைவர் சொன்ன சொல் தட்டாத மனுஷன். திரும்பிப் பார்க்காமலே தெருவைத் தாண்டிப் போயிட்டார்.

உள்ளேர்ந்து மாஸ்டர் வந்து தாழ்ப்பாளை எடுத்துட்டுக் கேட்டைத் தள்ளினார். அசையல. மறுபடி தள்ளினார். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. எங்க கேட்டு வெளிப்பக்கமாத்தான் திறக்கும். உள்பக்கம் திறந்தா கார் நிக்க இடம் இருக்காதுன்னு, வீடு கட்டும்போது கொத்தனாரோட சண்டை போட்டு அப்படி வைக்கச் சொன்னது நான்தான்.

உள்ளே மாஸ்டர், அவர் ஆளுங்க, மட்டன், கவிதா, மாமனார். வெளியில விறகும் நானும்.

ஒவ்வொரு கட்டையா எடுத்து கேட்டுக்கு மேல நீட்டினேன். உள்ளே மாஸ்டரோட ஆளுங்க வாங்கிக்கிட்டாங்க. கவிதா வந்து எட்டிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டா.

விருந்தாளிங்க வர ஆரம்பிச்சாங்க. வந்தவங்க பரிசுப் பொட்டலத்தைக் காம்பவுண்டு சுவர் மேல வச்சுட்டு, வேற வழியில்லாம ஆளுக்கு ரெண்டு கட்டை தூக்கினாங்க. என் மேனேஜரோட வெள்ளைச் சட்டையில பட்டை ஒட்டிக்கிட்டது. நல்லா இருக்கே உங்க சிஸ்டம்னு மட்டும் சொன்னார். அப்ரைசல் அடுத்த மாசம்.

மாமனார் கேட்டுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தார். விறகு குறையக் குறைய, அந்தக் குவியலுக்குப் பின்னாடி நின்ன பலகை தெரிய ஆரம்பிச்சுது. முதல்ல கிளியோட தலை. அப்புறம் மூக்கு.

"அந்தக் கிளி ரெண்டையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே மாப்ள."

நான் குனிஞ்சு விறகு பொறுக்கினேன்.

மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான் ஆச்சு. பசியில எல்லாரும் பிரியாணி பிரமாதம்னு சொன்னாங்க. மாமனார் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், அவ்வளவு சந்தோஷமா அவரை நான் பார்த்ததே இல்ல. கை கழுவிட்டு வந்து என் தோள்ல கை போட்டார்.

"தெருக்குத்துன்னா என்னன்னு உங்களுக்கு எப்படி விளக்கறதுன்னு தெரியாம இத்தனை நாள் தவிச்சேன் மாப்ள. வண்டி வச்சு நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க."

இப்ப கேட்டு உள்பக்கம் திறக்குது, கார் தெருவுல நிக்குது, தெருக்குத்துக்குப் பரிகாரம்னு மாமனார் வாங்கிக் குடுத்த பிள்ளையார் வாசல்ல உட்கார்ந்திருக்கார். தினம் காலையில அவருக்கு விளக்கு ஏத்தறது நான்தான்.