துரையின் வயிறு சிரித்தது

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, நாய் துரை மூவரும் நலம்; மூவரில் ஒருவருக்கு மட்டும் வயிற்றில் தையல். அங்கே உங்கள் ஈறு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீங்கள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பிய காலையில், குளியலறைத் தம்ளரில் ஊறப்போட்டிருந்த என் மேல்வரிசைப் பல்செட்டைக் காணவில்லை. விளையாடியது போதும், திருப்பிக் கொடுங்கள் என்று போனில் கேட்டேன். "உங்க பல்லு எனக்கு எதுக்கு அத்தான்? எனக்கு என் பல்லே போதும்" என்றீர்கள். நான் நம்பவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனவர் நீங்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று உங்கள் அக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு சூப் மட்டும்தான். பல் இல்லாததாலா, அவள் தம்பியைச் சொன்னதாலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கிடையில் துரை சாப்பிடுவதை நிறுத்தினான். எனக்கு நாய் என்றால் பெரிய ஒட்டுதல் கிடையாது. வீட்டில் இருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவன் நான். ஆனால் என் புதுச் செருப்பைப் பக்கத்தில் வைத்தும் அவன் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தபோது கலங்கிப்போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, அதை விளக்குப் பலகையில் மாட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "சார், இவன் வயிறு சிரிக்குது" என்றார். பார்த்தேன். விலா எலும்புகளுக்குக் கீழே முழு வரிசைப் பல், வெட்கமே இல்லாமல். "வயித்தைத் திறந்து எடுத்துத் தைக்கணும். ஆனா வயசான நாய், மயக்க மருந்தைத் தாங்கணும்" என்றவர், தாங்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. வெறும் வயிறுதானே என்று கேட்டார். என் பல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்றேன். உங்கள் அக்கா அழுதாள். நான் அழவில்லை, கையெழுத்துப் போடும்போது பேனாதான் சரியாக எழுதவில்லை.

வயிற்று முடியை மழித்து, முன்னங்காலில் ஊசி ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். பூனைக்கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்க நாய்க்கு என்னங்க ஆபரேஷன்?" என்று விசாரித்தார். பல் எடுக்கிறார்கள் என்றேன். "அதுக்கு எதுக்கு வயித்துல மழிச்சாங்க?" என்றார். அது நீண்ட கதை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஒரு தட்டோடு வந்து, "இது யாரோடது?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். எழுந்து நின்றேன். பூனை உட்பட எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாயில் வந்தது "துரை?" என்ற ஒரு சொல்தான். "முழிச்சுட்டான் சார். முழிச்சதும் என் கையுறையை இழுக்கிறான்" என்றார். அதன் பிறகுதான் தட்டைக் கையில் வாங்கினேன்.

இப்போது தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, கதவு, நாற்காலி, என் முழங்கால் என்று ஒன்று விடாமல் மோதிக்கொண்டு திரிகிறான்.

ஆகவே, உங்கள் அக்கா எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, நான் எழுதுவது: உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. சொன்ன சொல்லையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். துரை சார்பிலும் மன்னிப்பு. வீட்டில் அனைவருக்கும் அன்பு. குழந்தைகள் பல்லும் சொல்லும் உறுதியாக நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து கொடுத்த பல்செட்டை மாட்டிப் பார்த்தேன். நிற்காமல் விழுகிறது. என்னுடையதில் வலது ஓரத்தைப் பல் டாக்டர் ராவிக் கொடுத்திருந்தார். இதில் அந்தத் தடமே இல்லை. உங்கள் அக்காவைக் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "தம்பிக்கும் பல்செட்தாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான்" என்றாள். ஆக, நீங்களும் இரவில் ரகசியமாகக் குளியலறையில்தான் கழற்றி வைத்திருக்கிறீர்கள்; துரை தின்றது உங்களுடையதை. அன்று காலை அவசரத்தில் நீங்கள் எடுத்து மாட்டிக்கொண்டு போனது என்னுடையதை. ஈறு வலிக்காமல் என்ன செய்யும்? மேற்படி மன்னிப்பு ரத்து. அதைக் கழற்றி, நன்றாகக் கழுவி, உடனே தபாலில் அனுப்புங்கள். உங்களுடையது அலமாரியின் உச்சித் தட்டில் பத்திரமாக இருக்கிறது. துரை கீழே படுத்து, கூம்புக்குள்ளிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.