அம்மாவுக்கு எதுவும் தெரியாது

அன்பு மகளுக்கு, மூடிக்கிடக்கும் டிரைவிங் ஸ்கூலின் வாத்தியாரான உன் அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். கொரோனா வார்டில் நர்ஸ் வேலைக்கு நடுவிலும் நீ போனில் சொன்ன ஆரோக்கிய விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடிக்கிறோம். போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்பதால் இதை ஆஸ்பத்திரி வேன் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தினமும் ஹாலைச் சுற்றி நடக்கிறோம். அம்மா ஃப்ரிட்ஜ் முனையில் இண்டிகேட்டரே போடாமல் திரும்புகிறாள். கேட்டா, "நான் என்ன உங்க எல் போர்டா?"ன்னு முறைக்கிறா. அது போகட்டும். "அம்மா நியூஸ் பார்த்தா பயந்துடுவாப்பா"ன்னு நீ தனியா சொன்னியே, அன்னைக்கே டிவி ஒயரைப் பிடுங்கி அரிசி டப்பாவுல ஒளிச்சுட்டேன். ரிப்பேர்னு சொன்னேன், மகராசி நம்பிட்டா. ஆனா உன் ஆஸ்பத்திரி நிலவரம் எனக்குத் தெரியணுமே! சின்ன ரேடியோவைச் சட்டைக்குள்ள செருகிக்கிட்டு பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கேக்கறேன். நான் அடிக்கடி போறதைப் பார்த்து வயித்துப்போக்குன்னு அவளே முடிவு கட்டி, ஒரு வாரமா வெறும் கஞ்சி ஊத்தறா. உப்புகூட இல்லை. உண்மையைச் சொல்ல முடியுமா? கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கிறேன்.

அவளுக்கு நீ சொன்ன மூச்சுப் பயிற்சி பிடிச்சுப்போச்சு. மொட்டை மாடிக்குப் போறா, பக்கத்து மாடியில அந்த வீட்டம்மாவும் வந்து நிக்கிறாங்க. இறங்கி வரும்போது இவ கண்ணெல்லாம் சிவந்திருக்கு. மூச்சை எங்கேயோ தப்பா இழுக்கிறா, நீதான் சொல்லிக் குடுக்கணும். மத்தபடி நிம்மதியா இருக்கா. எனக்கும் பயம் கியம் ஒண்ணுமில்லை.

உன் கை பட்ட நோயாளிகள் எல்லோரும் தங்கள் காலால் நடந்து வீடு போய்ச் சேரட்டும். அந்தப் புண்ணியம் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள, உன் ஆஸ்பத்திரியில நர்ஸுகளுக்கும் காய்ச்சல்னு ரேடியோவுல சொல்லிட்டான். பாத்ரூமை விட்டு அலறியடிச்சு ஓடி வந்தேன். அதே நேரம் மாடியிலேர்ந்து அம்மா தடதடன்னு இறங்கி வந்தா. "புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணா கேட்டோம். பக்கத்து வீட்டம்மா தினமும் இவளுக்கு நியூஸ் வாசிச்சுக் காட்டியிருக்காங்க! "அப்பா பயந்துடுவாரும்மா"ன்னு இவகிட்டயும் தனியா சொன்னியாமே, கள்ளி! ஒயரை என்னைக்கோ பார்த்துட்டாளாம். கஞ்சிக்கு அரிசி எடுக்கறவளாச்சே.

உன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டோம். வார்டன் எடுத்து, நீ நல்லபடியா தூங்கறேன்னு சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்துது. தரையிலேயே உக்காந்து ரெண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். மேலே பயமில்லைன்னு எழுதினதெல்லாம் பொய்ம்மா. எங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஆனா இப்ப ஒண்ணா பயப்படறோம், கொஞ்சம் தேவலை. நீயும் தினம் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு போனை வைக்கிறியே, நாளைக்கு அழணும்னு தோணுச்சுன்னா அழு. நாங்க கேக்கறோம்.