மசாஜ் நாற்காலிக்கு வந்த சூனியம்

உயிரே போனாலும் அந்த மசாஜ் நாற்காலியை வீட்டை விட்டு அனுப்புவதில்லை என்று செல்லப்பன் முடிவெடுத்தான். சத்யப்ரியாவிடம் மட்டும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்ல உயிரை விடுவதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

கோட்டக்குப்பத்தில் ஒரு துபாய்க்காரர் வீடு காலி செய்தபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தது. வந்த வாரமே மோட்டார் படுத்துவிட்டது. அன்றிலிருந்து கரையேற்றிய படகு மாதிரி பாதிக் கூடத்தை அடைத்துக் கிடந்தது. ஆனால் உப்பளத்தில் நாளெல்லாம் மேஸ்திரி வேலை, அதாவது குடை பிடித்து நிற்கும் வேலை பார்த்துவிட்டு வரும் செல்லப்பனுக்கு, அதில் சாய்ந்தால்தான் உடம்பு உடம்பாக இருக்கும்.

குப்பை வண்டி அஞ்சம்மாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மக்குற குப்பன்னா பச்ச டப்பா. மக்காததுன்னா நீல டப்பா. இது எதுல சேத்தி?"

"நாற்காலியக் கேக்குறியா, அதுல படுத்திருக்கிறவரக் கேக்குறியா?" என்றாள் சத்யப்ரியா.

"ரெண்டையும் நான் எடுக்க முடியாதுக்கா."

செல்லப்பன் நிம்மதியாகப் புரண்டு படுத்தான். பழைய இரும்புக்கடை சேட்டுவும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான். சத்யப்ரியா விடவில்லை. கடைசியில், "வெள்ளிக்கெழம காலைல டாட்டா ஏஸ் கொண்டாறேன், வெளிய எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை செல்லப்பன் நல்ல பிள்ளையாய் நாற்காலியைத் தானே வாசலுக்குத் தள்ளினான். சத்யப்ரியா குளிக்கப் போனாள். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே ஓடினான். ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வெட்டி, குங்குமத்தை அப்பி, நாற்காலி நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினான். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைத் தெருவில் கண்டால் லாரிகூட ஒதுங்கிப் போகிற ஊர் அது.

சேட்டு வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"யக்கா, எனக்குப் புள்ளக்குட்டி இருக்குது" என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு ரிவர்ஸிலேயே தெருவைக் கடந்தான்.

ஈரத்தலையோடு வந்த சத்யப்ரியா அந்தப் பழத்தைக் கையில் எடுத்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு முகம் மாறியது.

"ஏங்க, உங்களுக்கு யாரோ சூனியம் வெச்சிட்டாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. தொடச்சி உள்ள வெச்சிக்கலாம்."

"உள்ளயா? இனி இதுல உக்காந்தா ரத்தம் கக்குவீங்க. பூசாரிய வரச் சொல்றேன்."

பூசாரி ராஜவேல் வந்து, நாற்காலியைச் சுற்றி வந்தார். கையால் அமுக்கிப் பார்த்தார். கடுமையான வினை என்றார். செல்லப்பன் ஒரு மண்டலம் கவிச்சி தொடக்கூடாது. வெள்ளிதோறும் பெருமுக்கல் மலை ஏறி இறங்க வேண்டும். நாற்காலியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துத்தான் வினையைக் கட்ட முடியும் என்றார். செல்லப்பன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் சூனியத்தைவிட மோசமாக ஆகிவிடும். நான்கு பேர் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று மத்தியானம் அவனுக்குத் தயிர்சோறு. எதிரே சத்யப்ரியாவின் தட்டில் வஞ்சிரம் வறுவல்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள், முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி.

"என்ன?"

"சூனியம் வெக்கிறவங்க எலுமிச்சம்பழத்த ஃப்ரிட்ஜ்ல வெச்சுத்தான் எடுத்தாருவாங்களா? கையில எடுத்தப்ப சில்லுன்னு இருந்துச்சு."