'இன்னும் இறங்கும்' மாமா

எந்தக் கடைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வாங்க மாட்டார், போகவும் மாட்டார். பொருளைத் தட்டிப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, விலையைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் இறங்கும்" என்பார். இந்த இனத்துக்கு 'இன்னும் இறங்கும்' மாமா என்று பெயர்.

மந்தைவெளி சுந்தரராமன் இதில் கலப்படமில்லாத ரகம். வீட்டு ஃபிரிட்ஜ் கத்திரி வெயிலில் உயிரை விட்டது. அவர் மனைவி அபயாம்பாள் சணல் கயிற்றால் கதவைக் கட்டிவைத்தாள். உள்ளே வைத்த மாவு கயிற்றையும் நெகிழ்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தது.

பணவீக்கம் தரையைத் தொட்ட சமயம். மக்கள் கடன் வாங்கியாவது செலவு செய்யட்டும் என்று ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது. யார் செலவு செய்தார்களோ, சுந்தரராமன் செய்யவில்லை. அறிவிப்பு நாளில் தலைக்குக் குளித்து, விபூதி இட்டு, டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குறைத்தார்கள் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா அபயம்? அவாளே இறக்கறா. அப்போ எல்லாமே இன்னும் இறங்கும். இப்போ போய் எவனாவது ஃபிரிட்ஜ் வாங்குவானா?"

மறுபடி குறைத்தார்கள். மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பணவீக்கம் வத்திடுத்துடி!"

"பணத்தோட வீக்கம் வத்தி எனக்கென்ன ஆகணும்? மாவோட வீக்கம் வத்தலையே!"

ரிசர்வ் வங்கி தோற்ற இடத்தில் அபயாம்பாளே இறங்கினாள்.

"ஏன்னா, நாளைக்கு விலை ஏறப்போறதாம். பக்கத்தாத்துல சொன்னா."

ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் அவள் செருப்பு என்று மாமா தி.நகருக்குப் பறந்தார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த விற்பனையாளர் ஆசிஃபுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வா சார்! உனக்குன்னா இன்னும் கொறைச்சே தர்றேன் சார்!"

அவ்வளவுதான். வெளியே வந்த கார்டு பைக்குள் போனது.

"இறங்கறதா? பேஷ்! அப்புறமா வரேன்."

மறுநாள் காலை அபயாம்பாளே கடைக்கு வந்தாள். "ஏம்ப்பா, உன்னை யாரு இறக்கச் சொன்னா?"

"யாவாரமே இல்ல மாமி. இன்னா பண்றது?"

"நேத்து வந்தாரே எங்காத்துக்காரர், ஏறிடுத்துன்னு அவருக்கு போன் பண்ணு. நாளைக்கு இன்னும் ஏறும்னு சொல்லு."

"ஏத்தினா யாரு மாமி வாங்குவாங்க?"

"இவர் வாங்குவார்."

சாயங்காலம் வண்டி வந்தது. அபயாம்பாள் ஆரத்தி கரைத்துவைத்தாள். ஆட்கள் ஒரு ஃபிரிட்ஜை இறக்கினார்கள். பிறகு இன்னொன்றை இறக்கினார்கள்.

"ஏன்னா, ரெண்டு எதுக்கு?"

"இன்னும் ஏறுமாம்டி! மூணாவதுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன்."

இப்போது மாமா குடும்பம் ஹாலில் பக்கவாட்டாக நடக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு ஷூவைப் போனில் ஆன்லைன் கடையின் கூடையில் போட்டுவைத்து, தினமும் பல் தேய்க்கும் முன்பே அதன் விலையைத் திறந்து பார்க்கிறீர்களே, அப்படிப்பட்டவருக்கு என்ன பெயர்? என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் கேளுங்கள், ஏற்கெனவே வைத்திருப்பார்கள்.