உங்கள் தங்கை நாலு சிலிண்டர் போதும் என்கிறாள்

வையல்லா, தெற்கு ஆஸ்திரேலியா
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க கெல்வின் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை மொய்ராவின் கணவன் நெவில் ட்ரஸ்காட் எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. தங்கள் நலத்தை அறிய எனக்கு ஆவல்தான். என் நலம் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. அது நன்றாக இல்லை. பலாரட்டில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டோம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, நாய் எப்படி இருக்கிறது, போன வருஷம் தாங்கள் வாங்கிய அந்த மின்சாரக் கார் எப்படி இருக்கிறது? அந்தக் காரைப் பற்றி இன்றுவரை இந்த ஊரில் ஒருவரிடமும் நான் மூச்சு விட்டதில்லை என்பதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும். எங்காவது வெளியே தெரிந்திருந்தால் உங்கள் குடும்பத்தில் பெண் எடுத்தவன் என்று என்னையும் சேர்த்துத்தான் சிரித்திருப்பார்கள். சொந்தக்காரர் மானத்தைக் கட்டிக் காத்தவன் கேட்கிறேன், எனக்காக ஒரு ஃபோன் செய்ய வேண்டும்.

நான் இரும்பாலையிலிருந்து ஓய்வு பெற்றது தங்களுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க மற்றவன் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற காரைத்தான் நான் வாங்கினேன்; சீட்டில் அவன் உட்கார்ந்த பள்ளம், அதில் அவன் நாயின் மயிர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரும் உட்காராத சீட்டில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. புத்தம் புதுசு, இரண்டு கதவு, மஞ்சள் நிறம், ஸ்போர்ட்ஸ் கார். மொய்ராவும் சரி என்றாள். நிறத்தில் சண்டை இல்லை, சக்கரத்தில் சண்டை இல்லை. ஆனால் கார் செய்கிற புண்ணியவான்கள் சும்மா இருந்தார்களா? ஒரே உடம்புக்கு இரண்டு இதயம் வைத்திருக்கிறார்கள். ஒன்று எட்டு சிலிண்டர், மனுஷன் வாங்குவது. இன்னொன்று நாலு சிலிண்டர் டர்போ, அதை யார் வாங்குவார்கள் என்று நான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டும். கார் கடை டியட்ரி எந்த எஞ்சின் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

கார் வந்ததும் நல்லர்பார் சமவெளியைக் கடந்து மேற்கே எஸ்பரன்ஸ் போய் எங்கள் மகள் ஷெல்லியின் குழந்தையைப் பார்ப்பதாகத் திட்டம். நல்லர்பார் சாலை எப்படிப்பட்டது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பவே மறந்துபோகிற அளவுக்கு நேராகப் போகும். அந்தச் சாலைக்கு எட்டு சிலிண்டர் வேண்டாமா? தங்கள் தங்கை என்ன சொல்கிறாள் தெரியுமா? எட்டு வாங்கினால் நான் அந்தக் காரில் வர மாட்டேன், அடிலெய்டிலிருந்து விமானத்தில் போய்விடுகிறேன், நீயும் உன் எஞ்சினும் ரோட்டில் வாருங்கள், எஸ்பரன்ஸில் பார்க்கலாம் என்கிறாள். சாதாரணமாகச் சொல்கிறாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. இரண்டு நாள், நடுவில் கங்காரு செத்துக்கிடக்கிற சாலையில், பக்கத்து சீட் காலியாக நான் ஒருத்தன் போவதா? எனக்குக் கோபம் வருகிறது, மச்சான். பயமும் வருகிறது; அதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இவள் நேற்று வந்தவளாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். முப்பத்தெட்டு வருஷமாக எட்டு சிலிண்டரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள். என் கார்களை அவள் மாதிரி ரசித்தவர் கிடையாது. போர்ட் அகஸ்டா போகிற வழியில், பாயிண்ட் லோலி கலங்கரை விளக்கத்துக்கு வலப்பக்கம் ஒரு சாலை பிரியும் அல்லவா, அந்த இடத்துக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்வாள். எஞ்சின் நன்றாகச் சூடேறி முழுத் தொண்டையில் பாடுகிற இடம் அது, அதனால் சொல் காதில் விழாது, ஆனாலும் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? "ஆமா, நல்லா ஓடுதுல்ல" என்பேன். தலையாட்டுவாள். கார் மாறியிருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டோம், முடி நரைத்தது. அந்த இடத்தில் அவள் சொல்வதும் நான் ஆமோதிப்பதும் ஒரு தடவை தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் கட்சி மாறினால் வயிறு எரியாதா?

அடுத்து என் பதவி. எங்கள் எட்டு சிலிண்டர் சங்கத்தில் நான் துணைத்தலைவன். ஞாயிறுதோறும் காலையில் கடற்கரை மைதானத்தில் கார்களின் பானெட்டைத் திறந்து வரிசையாக நிறுத்திவிட்டு, ரொட்டியில் சாசேஜும் வெங்காயமும் வைத்துத் தின்றுகொண்டு எஞ்சினைப் பார்ப்போம். யாராவது புதுக் கார் கொண்டுவந்தால் முதுகுப் பரீட்சை உண்டு. காருக்கு முதுகு காட்டி எல்லாரும் நிற்போம், கண்ணை மூடிக்கொள்வோம், சொந்தக்காரன் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். சத்தம் பிடித்தவர்கள் சாசேஜ் புரட்டுகிற இடுக்கியைத் தூக்குவார்கள். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சத்தத்தை வைத்தே எந்த வருஷத்து வண்டி, எண்ணெய் மாற்றினானா இல்லையா, சைலன்சரில் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவேன். தலைவர் மெர்வ் ஸ்டப்ஸே என் காதைப் பற்றிக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்.

அந்தக் காதுக்குத்தான் போன ஞாயிறு சனி பிடித்தது. டியட்ரி இரண்டு வண்டியையும் மைதானத்துக்கே அனுப்பி வைத்திருந்தாள், இரண்டும் மஞ்சள். நான் சங்கத்தார் முன்னால் நின்று, நாலு சிலிண்டர் என்பது தையல் மிஷின், கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் கண்டுபிடிப்பேன் என்று பேசிக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மொய்ரா சாசேஜுக்கு வைத்திருந்த சமையலறைத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "கட்டிக்கோ நெவ். நான் ஓட்டுறேன். எது எட்டுன்னு நீயே சொல்லு" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். மறுக்க முடியுமா? சாட்சிக்கு மெர்வைப் பின் சீட்டில் மடித்துத் திணித்தார்கள். கண்ணில் வெங்காய வாசனைத் துண்டோடு நான் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் வண்டியைக் கடற்கரைச் சாலையில் அவள் மிதித்தாள் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து வந்தது அந்த உறுமல். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, வெங்காயத்தால் என்று மெர்விடம் சொன்னேன். இரண்டாவது வண்டி பூனை மாதிரி வந்தது. திரும்பி வருவதற்குள் எனக்குக் கொட்டாவி. இறங்கி, துண்டை அவிழ்க்காமலே, முதல் வண்டி எட்டு, நூற்றுக்கு நூறு எட்டு, என் சவப்பெட்டிக்கு முன்னால் இந்தச் சத்தத்தைத்தான் போட வேண்டும் என்று அறிவித்தேன். இரண்டாவதைக் கிழவிகள் சந்தைக்குப் போக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லித் தொலைத்தேன். சாசேஜ் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. துண்டை அவிழ்த்தேன். மெர்வ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நெவில், நீ அழுதது நாலு சிலிண்டருக்குப்பா" என்றார்.

எப்படி என்று கேளுங்கள். நாலு சிலிண்டர் வண்டிக்குள்ளே ஸ்பீக்கரில் சத்தம் போடுகிறார்கள். பாட்டுப் போடுகிற அதே ஸ்பீக்கரில். எஞ்சின் மெல்ல முனகினால் ஸ்பீக்கர் அதைச் சிங்கமாக்கி ஓட்டுகிறவன் காதில் ஊதும். வெளியே நின்றவர்களுக்கு முனகல்தான் கேட்டிருக்கிறது. சரி, எட்டு ஏன் பூனையாக வந்தது? அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் இருக்கவாம். ஞாயிறு காலை, பக்கத்தில் மாதாகோவில் என்று டியட்ரி நல்லெண்ணத்தில் அதை அமுக்கி அனுப்பியிருக்கிறாள். ஒன்று சத்தம் போட்டுப் பொய் சொல்கிறது, இன்னொன்று வாயை மூடிப் பொய் சொல்கிறது. நடுவில் நேர்மையாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் முட்டாள். கார் செய்கிறவன் மேல் வர வேண்டிய சிரிப்பு என் மேல் வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நேற்றுக் காலை எங்கள் வாசல் கேட்டில் ஒரு சமையலறைத் துண்டு கட்டியிருந்தது. இன்று இன்னொன்று. மொய்ரா அவிழ்த்துத் துவைத்து மடித்து அலமாரியில் வைக்கிறாள், நல்ல பருத்தியாம். பேக்கரியில் இறைச்சி அடைத்துச் சுட்ட பை ஒன்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடித்துப் பார்த்து ஆடா மாடா என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறாள் அந்தப் பெண். துணைத்தலைவர் பதவி பற்றி அடுத்த ஞாயிறு பேச வேண்டியிருக்கும் என்று மெர்வ் வருத்தத்தோடு சொன்னார். எட்டு சிலிண்டர் வாங்கி முன்வரிசையில் நிறுத்தினால் பேச்சு தானாக அடங்கிவிடும். நாலு வாங்கினால் நான் அந்த மைதானப் பக்கம் தலைகாட்ட முடியாது. எட்டே வாங்கி அந்த அமைதிப் பொத்தானை அமுக்கிக்கொள்ளலாமே என்று தங்கள் தங்கையிடம் சமாதானம் பேசினேன். "ஊர் எல்லை தாண்டினதும் நீ அதை எடுத்துடுவ. உன்னை எனக்குத் தெரியாதா" என்றாள். எடுப்பேன்தான். அதற்காக முன்கூட்டியே சொல்லிக்காட்டுவதா?

ஆகவே மச்சான், தாங்கள் மூத்தவர், தங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். வியாழக்கிழமை மாலை அவள் செய்தி பார்த்து முடித்ததும் ஃபோன் செய்யுங்கள். மனைவி என்பவள் கணவனோடு காரில் போக வேண்டியவள், விமானத்தில் அல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள். எட்டு சிலிண்டர் சத்தம் இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொல்லுங்கள். தங்கள் காரைப் பற்றி மட்டும் பேச்சை எடுத்துவிடாதீர்கள், காரியம் கெட்டுவிடும். தங்கள் துணைவியார் க்ளெனிஸுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சளி பிடிக்காமல், முழங்கால் வலி இல்லாமல், சாலையில் கங்காரு குறுக்கே வராமல் நீடூழி வாழ்க.

தங்கள் அன்பு மறவாத,
நெவில் ட்ரஸ்காட்
துணைத்தலைவர் (அடுத்த ஞாயிறு வரை)

பின்குறிப்பு: இது புதன்கிழமை எழுதுவது. கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, கிழித்துப் போட மனம் வரவில்லை. மேலே உள்ளதைப் படித்தபடியே மறந்துவிடவும். நேற்று மாலை டியட்ரி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி நாலு சிலிண்டரைக் கொடுத்தாள். நான்தான் ஓட்டினேன், மொய்ரா பக்கத்தில். பொய்ச் சத்தத்தை என் காதில் ஊத விட மாட்டேன் என்று வீம்புக்குத் தேடிப் பிடித்து அந்த ஸ்பீக்கர் சத்தத்தை அணைத்தேன். வண்டிக்குள் அப்படி ஓர் அமைதி. பாயிண்ட் லோலி பிரிகிற இடம் வந்தது. வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள், வழக்கம்போலச் சொன்னாள்.

"இங்க திரும்பேன் நெவ். கொஞ்ச நேரம் கடலைப் பாத்துட்டுப் போலாம்."

என் வாய் பழக்க தோஷத்தில் முந்திக்கொண்டு "ஆமா, நல்லா ஓடுதுல்ல" என்றுவிட்டது. அவளும் பழக்கத்தில் தலையாட்டிவிட்டு முன்னால் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தலையாட்டல் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓரமாக நிறுத்தினேன். எப்பவும் இதைத்தான் சொல்வாயா என்று கேட்டேன். "பின்ன? உன் காரையா புகழ்வேன்?" என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். இது அந்தக் கரையோரம் கணவாய் மீன்கள் முட்டையிடக் கூடுகிற மாதம். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த தங்கள் தங்கை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தோம், திரும்பும் வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். வெட்கமாக இருந்தது, மச்சான். சந்தோஷமாகவும் இருந்தது. தங்கள் கல்யாணத்தன்று கேக்கின் மேல் உட்கார்ந்தது யார் என்பதும் நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது, அதை நேரில் பேசிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை நாலு சிலிண்டருக்குக் கையெழுத்துப் போடுகிறேன். விமான டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மெர்வுக்கு ராஜினாமாவும் எழுதிவிட்டேன், கேட்டில் கட்டுகிற துண்டுகளை இனி சமாதானக் கொடி மாதிரி வெள்ளையில் கட்டச் சொல்லி.

ஆகவே தாங்கள் ஃபோன் செய்ய வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும். தங்கள் மின்சாரக் காரில் சத்தமே கிடையாதாமே, உண்மையா? பின் சீட்டில் உட்கார்ந்து பேசினாலும் கேட்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.